கோவிலுக்குள் குதிரை

பெட்ரோனெலா ஈரத்துணியைப் பிழிந்து கணவனின் இடது விலாவை இரண்டாம் முறை துடைத்தாள். கன்றிப்போன கறுப்பு அழியவில்லை. அழியாது என்று அவளுக்கும் தெரியும். பத்தொன்பது நாளாகப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். விடியும்போது செவெரினின் மூச்சு நின்றிருந்தது.

செவெரினின் தம்பி ஹியரோனிம் வாசற்படியிலேயே நின்றான்.

"அண்ணி, சாமியார் வந்திருக்கார். எப்படிச் செத்தார்னு பிரசங்கத்துல சொல்லணுமாம். பழைய போர்க்காயம்னு சொல்லிட்டேன்."

"எந்தப் போர், தம்பி?"

அவன் கூடத்துக்குப் போய்ச் சாமியார் பக்கத்தில் உட்கார்ந்தான்.

செவெரின் ஹுசார் குதிரைப்படையில் இருபத்தேழு வருடம் இருந்தவன். அவன் தாத்தாவும் ஹுசார்தான். முதுகில் கழுகிறகுகள், கையில் மூன்றாள் நீள ஈட்டி. வியன்னா மலைச்சரிவில் அவர்கள் இறங்கியபோது துருக்கியர் கூடாரங்களைப் போட்டது போட்டபடி ஓடினார்கள். அது ஆகி எழுபது வருடம். பிறகு துப்பாக்கிகள் பெருகின, ஈட்டிக்கு வேலை குறைந்தது. பேரன் காலத்தில் ஹுசார்களைக் கூப்பிட்டதெல்லாம் ஊர்வலத்துக்கும் பிரபுக்களின் சாவுக்கும்தான். சந்தையில் பெண்கள் 'சாவுப்பட்டாளம்' என்று சிரித்தார்கள்.

பிரபு ஒருவர் செத்தால், கவசமணிந்த ஹுசார் குதிரையோடு கோவிலுக்குள் பாய்ந்து, சவப்பெட்டியின் முன் ஈட்டியை முறித்து, கல்தரையில் தடாலென்று விழ வேண்டும். செத்தவரே சாய்ந்ததாக அர்த்தம். செவெரின் பத்துத் தடவை விழுந்து எழுந்தான். பதினோராவது தடவை குதிரை வழுக்கி அவன்மேலேயே விழுந்தது. கூட்டம் அதையும் சடங்கென்று நினைத்து அழுதது.

பெட்ரோனெலா கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"சாமி, அவர் சண்டையே பார்த்ததில்ல. கோவில்ல குதிரை மேல விழுந்துச்சு. அதையே சொல்லுங்க."

"ஊர் சிரிக்கும், அண்ணி!"

"எப்ப சிரிக்காம இருந்துச்சு? அவர் காதுல விழாமயா? மீசையை முறுக்கிட்டுப் போயிட்டுதான இருந்தார்."

சாமியார் கையிலிருந்த கம்பளிக் குல்லாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடைசியா ஏதாவது சொன்னாரா, அம்மா?"

"குதிரைக்குக் கால் சரியாயிடுச்சான்னு கேட்டார்."

ஹியரோனிம் சட்டென்று எழுந்தான்.

"அப்ப நான் விழறேன். எத்தனை பிரபுக்களுக்காக விழுந்தவர்! அவருக்குன்னு ஒருத்தன் விழ வேண்டாமா?"

"இந்த வீட்ல ஒருத்தர் விழுந்தது போதும்."

அவன் சுவரில் தொங்கிய அண்ணனின் கவசத்தைப் பார்த்தான்.

"கவசத்தையாவது போட்டுக்கறேனே."

அவள் அதை இறக்கிக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் கோவிலில் சாமியார் அவள் சொன்னபடியே சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். பிறகு எல்லோரும் முழங்காலிட்டார்கள். ஹியரோனிம் மட்டும் நின்றுகொண்டிருந்தான். அவன் தொந்தியை அண்ணனின் மார்க்கவசம் நெரித்தது. குனியவும் முடியவில்லை, மடங்கவும் முடியவில்லை. முகம் சிவந்து, எதிரே சுவரைப் பார்த்தபடி நின்றான்.

பெட்ரோனெலா எழுந்து போய்த் தோளைக் கொடுத்தாள். அவன் பிடித்துக்கொண்டான். முதலில் ஒரு முழங்கால், பிறகு மற்றது. கல்லில் இரும்பு பட்ட சத்தம் பக்கத்துப் பெஞ்சுக்குக்கூடக் கேட்கவில்லை.