மணியோசையின் கடைசிப் பாதி

கீபோர்டின் விசையை அழுத்திய விரல் அங்கேயே இருக்கிறது, மணியோசை எழும்பி, விரிந்து, கண்ணாடிப் பொடி வெயிலில் மின்னுவதுபோல மேலே மேலே போக வேண்டிய இடத்தில் சட்டென்று இல்லாமல் போயிற்று, பிலோமினா விரலை எடுக்காமல் காத்திருந்தாள், ஒன்றுமில்லை, ஆனால் பக்கத்து நாற்காலியில் ஒலிப்பொறியாளர் கஸாலி இன்னும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான், கண்கள் பாதி மூடியிருந்தன, அவள் மனசுக்குள் ஒன்று இரண்டு என்று எண்ணத் தொடங்கி ஆறுக்கு வந்தபோதுதான் அவன் முகம் அந்த ஓசையை விட்டு இறங்கி வந்தது. இந்த வால்தான்க்கா எண்பத்தாறு, என்றான். ஆமா, என்றாள் அவள், அவளுக்குக் கேட்காத வாலுக்கு. சாலிகிராமத்து வீட்டின் பின்னறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்த அந்த மதியத்தில் முதுகு முழுக்க வியர்த்துவிட்டது, ஒயர் ஏதாவது லூசாக இருக்கிறதா பார் என்று அவனிடம் சொன்னாள், அவன் பார்த்தான், எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது.

அவளுக்கு ஐம்பத்தேழு வயது, முப்பத்தெட்டு வருஷமாக மற்றவர்களின் மெட்டுகளுக்குக் கீபோர்டு வாசித்தவள், எந்தப் படத்தின் டைட்டிலிலும் இசை என்று போட்டு அவள் பெயர் வந்ததில்லை, இப்போது நாச்சியப்பன் என்ற இயக்குநர் ஒரு வெப் சீரிஸுக்கு அவளைத் தேடி வந்திருந்தான், எண்பத்தாறில் காரைக்குடியில் வீடியோ கேசட் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தின் கதை, அந்தக் காலத்து ஓசை அப்படியே வேணும் மேடம், நீங்க வாசிச்ச ஓசை, என்றான். அந்தக் காலத்துச் சின்தசைசர் பெட்டிகள் இப்போது நல்ல நிலையில் கிடைப்பதில்லை, வாடகைக்கு வந்த ஒன்றில் பாதி விசைகள் பேசவே இல்லை, அதனால் கணினிக்குள்ளேயே அவற்றைப்போல ஒலிக்கும் மென்பொருள் சின்தசைசர்கள் நான்கை இறக்கி வைத்திருந்தாள், முதலாவது பழைய பெட்டி ஓசையை உண்டாக்கிய விதத்தையே அச்சாகத் திரும்பச் செய்வது, இரண்டாவது அதே பெட்டியிலிருந்து பதிவு செய்த துண்டுகளை வாசிப்பது, மூன்றாவது அதற்கும் முந்தின தலைமுறையின் கதகதப்பான குரல், நான்காவது யாரோ ஒருவர் இணையத்தில் இலவசமாக விட்டது, நான்கில் எது எண்பத்தாறு என்று சொல்வது அவள் வேலை, சொல்லக்கூடியவள்தான், அந்தப் பெட்டியின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்த அறையில் அவள் இருந்தாள்.

இருக்கிறாள், பத்தொன்பது வயது, நாகர்கோவிலில் ரயிலேறிச் சென்னைக்கு வந்து எட்டு மாதம், சிங்கப்பூரிலிருந்து வந்த பெட்டியை ஒலிப்பதிவுக் கூடத்தின் நடுவில் வைத்திருக்கிறார்கள், கூட வந்த கையேட்டை ஒரு வாரம் உட்கார்ந்து படித்தவள் அவள் ஒருத்திதான், ஆகவே நீயே அடிம்மா என்கிறார்கள், அடிக்கிறாள், மணியோசை கூரைவரை போகிறது, கூடமே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது, பின்வரிசை வயலின்காரர்களில் ஒருவர், வரதாச்சாரி, மெதுவாக முன்னால் வந்து பெட்டியைத் தொடாமல் குனிந்து பார்த்து, இதுக்குள்ள எத்தனை பேர் இருக்காம்மா என்று கேட்கிறார், அவள் சிரித்துக்கொண்டே முப்பத்திரண்டு பேர் சார் என்கிறாள், அதில் முப்பத்திரண்டு ஓசைகள் இருந்தன, வேறொன்றும் நினைத்துச் சொல்லவில்லை, அவர் தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார், மறு வருஷம் பின்வரிசையில் நான்கு நாற்காலிகள் இல்லை, ஒன்று அவருடையது. அன்று அந்த முகத்தில் இருந்தது என்னவென்று அவள் யோசித்ததே இல்லை, மரியாதை என்றோ ஆச்சரியம் என்றோ நினைத்துவிட்டிருந்தாள், இந்த மதியத்தில்தான் தெரிந்தது, அது பயம்.

எப்போது தொடங்கியது என்று அவளுக்குத் தெரியவில்லை, போன ஜூன் மாதம் தக்கலையில் அக்கா விக்டோரியாவின் வீட்டில் சாயங்காலம் ரப்பர் மரங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது, எடி, சீவீடு இப்பிடிக் கெடந்து கத்துது, ஒனக்கு எரிச்சலா இல்லியா என்று அக்கா கேட்டாள், சின்ன வயதில் காதைப் பொத்திக்கொண்டு ஓடவைத்த சில்வண்டு இரைச்சல் அது, இவளுக்கு மரங்கள் சும்மா நின்றன, இல்லியே, நல்லாத்தான் இருக்கு என்றாள், அந்த நேரமே தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் இருந்தது, துணி துவைக்கும் மெஷின் கூப்பிட்டு முடித்துத் துணிகள் உள்ளேயே நாறிக் கிடந்த நாட்களில் தெரிந்திருந்தது, தெரிந்ததை ஒரு துணியைப்போலச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் கண்ணால் கேட்கப் பழகினாள், திரையில் எழும்பும் கோடுகளைப் பார்த்து, அதைவிட அதிகமாகக் கஸாலியின் முகத்தைப் பார்த்து, அவன் புருவம் சுருங்கினால் கூர்மை அதிகம், உதடு தளர்ந்தால் சரி, இருபது வருஷப் பழக்கத்தில் அவன் முகம் அவளுக்கு ஒரு கருவியைப்போல ஆகியிருந்தது.

கஸாலி மகளின் நிக்காஹ்வுக்காகக் காயல்பட்டினம் போன வாரத்தில் நாச்சியப்பனிடமிருந்து போன் வந்தது, வெள்ளிக்கிழமை தயாரிப்பாளர்கள் கூடுகிறார்கள், டைட்டில் இசை மட்டும் அதற்குள் கிடைத்தால் நல்லது. பார்க்க முகம் இல்லாத அறையில் அவள் தனியாக உட்கார்ந்தாள், நான்கையும் மாற்றி மாற்றி வாசித்தாள், நான்கும் ஒரே பஞ்சுப் பொதிக்குள்ளிருந்து வந்தன, முதலாவதை எடுத்துக்கொண்டு அதன் கூர்மையைக் கூட்டும் குமிழை மெல்லத் திருப்பினாள், ஐம்பது, அறுபது, எழுபது, எண்பதில் ஏதோ திறந்தது, கண்ணாடிப் பொடி மின்னியது, கூரை உயர்ந்தது, எண்பத்தாறு அறைக்குள் வந்து நின்றது, எத்தனை மாதத்துக்குப் பிறகு, அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது, இவ்வளவுதானா, குமிழ்தான் குறைவாக இருந்திருக்கிறது, காதில் ஒன்றுமில்லை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள், வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அனுப்பினாள். மூன்று மணிக்கு நாச்சியப்பனின் குரல் செய்தி வந்தது, மேடம், ஃபைல்ல ஏதோ கோளாறு போல, மேல ஊசி மாதிரிக் குத்துது, இங்க ஒருத்தர் ஹெட்ஃபோனைக் கழட்டியே வச்சிட்டார், திரும்ப ஒருதடவை அனுப்புறீங்களா. மூன்று தடவை கேட்டாள், ஃபைலில் ஒரு கோளாறும் இல்லை.

கஸாலியைக் கூப்பிட்டாள், பின்னால் கல்யாண வீட்டுச் சத்தம், பிரியாணி தேக்சா இழுபடும் சத்தம், அவன் ஓரமாக ஒதுங்கி வந்து பேசினான். எவ்வளவு ஏத்துனீங்கக்கா. எண்பது. அவன் எங்கோ ஒரு கதவைச் சாத்தினான், சத்தம் அடங்கியது, ரெண்டு வருஷமா நான்தான்க்கா குறைச்சு அனுப்பிட்டிருக்கேன், நீங்க டீ போட உள்ள போற நேரத்துல, என்றான். இந்த இரண்டு வருஷத்தில் போட்ட ஒவ்வொரு டீயும் அவளுக்கு ஞாபகத்துக்கு வந்தது, இஞ்சி தட்டிய நேரம், பால் பொங்கக் காத்திருந்த நேரம், தம்ளர்களோடு திரும்பி வரும்போது அவன் ஒன்றுமறியாதவன்போல உட்கார்ந்திருந்த விதம், நல்ல ஓசை என்று யார் யாரோ புகழ்ந்த வேலையெல்லாம் அந்த அடுப்படி நேரத்தில் இன்னொருவர் கையால் சரியாகியிருக்கிறது. நான் ஞாயித்துக்கிழமை வந்துடுவேன், சரிபண்ணிக்கலாம், யாருக்கும் தெரிய வேண்டாம்க்கா, என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். போனை வைத்துவிட்டு அவள் கணினியில் ஒரு மெல்லிய ஒற்றை ஓசையை ஓடவிட்டாள், கீழிருந்து மேலே ஒரே சீராக ஏறுவது, ஏறியது, அவளும் கூடவே ஏறினாள், பிறகு படி இல்லை, திரையில் எண்கள் மட்டும் ஏறிக்கொண்டே போயின, எங்கே படி முடிகிறது என்பதை ஒரு தாளில் எழுதினாள், போன மாதம் இதைவிட மேலே இருந்திருக்குமா, அடுத்த மாதம் எவ்வளவு கீழே வரும், தாளைக் கிழித்துப் போட்டாள்.

திங்கட்கிழமை காலை நாச்சியப்பன் வீட்டுக்கே வந்தான், கஸாலி முதல்நாளே வந்து எல்லாவற்றையும் இறக்கிச் சீர்செய்திருந்தான், வாசித்துக் காட்டினார்கள், நாச்சியப்பன் நிமிரவே இல்லை, முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கப்பா கடை ஷட்டரைத் தூக்குற மாதிரி இருக்கு மேடம், அன்னைக்கு ஏதோ ஃபைல் கோளாறுதான், என்றான். எல்லாம் காப்பாற்றப்பட்டுவிட்டது, அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், கஸாலி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், தம்பி, கோளாறு ஃபைல்ல இல்லை, இதுல மேல மின்னுறது எதுவும் எனக்குக் கேக்கல, என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், சீவீட்டையும் குமிழையும் டீயையும், எந்தச் சின்தசைசர் என்பதை மட்டுமே தன் நினைவிலிருந்து தேர்ந்தெடுத்ததாகவும், கூர்மை அத்தனையும் கஸாலியின் காது என்றும். நாச்சியப்பன் அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான், அவன் முகத்திலிருந்து அவளால் எதையும் படிக்க முடியவில்லை.

மூன்று நாள் போன் அடித்தபோதெல்லாம் அவள் பயந்தாள், போன் அடித்துத் தனக்குக் கேட்காமல் போயிருக்குமோ என்று அதைவிடப் பயந்து கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தாள். நான்காம் நாள் நாச்சியப்பன் பேசினான், வயது குறைந்த யாரையாவது பார்க்கலாமே என்று ஒருவர் சொன்னாராம், இந்த நாலில் எது எண்பத்தாறுன்னு வயசு குறைஞ்சவங்க சொல்ல முடியாது என்று இவன் சொன்னானாம், கஸாலி எல்லா அமர்வுகளிலும் இருக்க வேண்டும், டைட்டிலில் இரண்டு பெயரும் சேர்ந்து வரும். அவன் முடிப்பதற்குள் சரி என்றாள், போனை வைத்த பிறகுதான், முப்பத்தெட்டு வருஷம் தனியாக நினைத்துப் பார்த்த அந்த ஒற்றைப் பெயர் எங்கோ கழன்று விழுவது தெரிந்தது, சமையலறையில் போய் நின்றுகொண்டாள், டீ போடவில்லை.

கஸாலி ஒன்றே ஒன்று கேட்டான், காதை டெஸ்ட் பண்ணிடுங்க, அதனால் இப்போது வடபழனியில் ஒரு கிளினிக்கின் சிறிய அறைக்குள் உட்கார்ந்திருக்கிறாள், சுவரெல்லாம் பஞ்சு, எதிரே சதுரக் கண்ணாடி, அதற்கப்பால் பரிசோதிக்கும் பெண், காதில் மாட்டிய கருவிக்குள் அவள் குரல், எவ்வளவு சின்னதாக் கேட்டாலும் பட்டனை அழுத்துங்க ஆன்ட்டி. கேட்டது, அழுத்தினாள், கேட்டது, அழுத்தினாள், ஓசைகள் மெல்ல மெல்ல ஏறின, பிறகு கேட்கவில்லை, ஆனால் கண்ணாடிக்கு அப்பால் பெண்ணின் மணிக்கட்டு அசைந்தது, பிலோமினாவின் கட்டைவிரல் தானாகவே அழுத்தியது, மறுபடி அசைந்தது, அழுத்தியது, வாழ்நாளெல்லாம் கையசைவைப் பார்த்துத் தாளம் தவறாமல் வாசித்த விரல் அது, முடிவுவரை இப்படியே போய்விடலாம், தாளில் நல்ல காது என்று வந்துவிடும். சூப்பர் ஆன்ட்டி, இந்த வயசுக்கு ரொம்ப நல்லாருக்கு, என்றது குரல். அவள் கருவியைக் கழற்றினாள், கடைசி ரெண்டும் எனக்குக் கேக்கலம்மா, ஒங்க கையைப் பாத்து அழுத்திட்டேன், என்றாள், நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கறேன், அங்கேருந்து மறுபடி ஆரம்பிங்க. திருப்பிப் போட்டு உட்கார்ந்து, கருவியை மாட்டிக்கொண்டு, பட்டனின் மேல் கட்டைவிரலை வைத்தாள், முன்னால் சுவர் மட்டும் இருக்கிறது, கண்ணை மூடிக்கொள்கிறாள், ஓசை வந்துகொண்டிருக்கலாம், வந்து போயிருக்கவும் கூடும், அவள் அழுத்தாமல் காத்திருக்கிறாள்.