பாண்டிச்செல்வியின் பத்து விரல்கள்

தாயில்பட்டியில் எட்டு வருஷமாகப் பட்டாசுக்கு மருந்து அடைக்கிறாள் பாண்டிச்செல்வி. வெள்ளிப் பவுடர் ஏறி அவள் விரல் பத்தும் மினுங்கும். அந்த விரல்களைத்தான் இரண்டு மாதமாக, ரேகை பார்த்துப் பணம் தரும் வங்கி மெஷின் ஏற்கவே மாட்டேன் என்கிறது. சம்பளம் அவள் கணக்கில்தான் விழுகிறது, எடுக்கத்தான் வழியில்லை. சிவகாசிக் கிளைக்குப் போனாலோ பஸ், வரிசை, 'நாளைக்கு வாம்மா' என்று ஒரு நாள் கூலி போய்விடும்.

இப்படி ஆளாளுக்கு லீவு போட்டதில் போர்மேன் சரவணக்குமாருக்குப் பொறுமை போய்விட்டது.

"ரேகை விழாதவுக, வீட்டுக்காரர் கணக்கு நம்பரைத் திங்கக்கிழமை கொண்டாங்க. சம்பளத்த அதுல போட்டுருவோம்."

பாண்டிச்செல்விக்கு அது சரிப்படாது. வீட்டுக்காரன் முனியசாமி நல்ல மனுஷன்தான். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். ஆனால் காசைக் கண்டால் புறா வாங்கிவிடுவான். வீட்டில் அரிசி இருக்கிறதோ இல்லையோ, புறாவுக்குக் கம்பு இருக்கும். அவன் கணக்குக்குப் போன சம்பளம் கூரை மேல் பறந்துவிடும்.

சனிக்கிழமை சாயங்காலம் தேங்காய் நாரும் செங்கல் பொடியுமாக உட்கார்ந்தாள். குத்துவிளக்குத் துலக்குவதுபோல் விரல்களைத் தேய்த்தாள். மினுமினுப்பு போய்த் தோல் சிவந்ததும்தான் எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடை ஓரத்தில் வங்கி மெஷினோடு உட்கார்ந்திருந்தாள் ஜாஸ்பின். பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. ஒன்றும் விழவில்லை.

"யக்கா, அழுக்கோட சேத்து ரேகையையும் தேய்ச்சுப்புட்டீகளே! அஞ்சு நாளு கைக்கு வேலை குடுக்காதீக. திரும்பி வந்துரும்."

கூட வந்த முனியசாமி, "எனக்கும் பாரும்மா" என்று பெருவிரலை வைத்தான். வைத்த மாத்திரத்தில் மெஷின் ஏற்றுக்கொண்டது.

"வேலை பாக்காத விரல்லா, அம்புட்டு அழகா விழுது!" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. வரிசையே சிரித்தது. பாண்டிச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. எட்டு வருஷம் உழைத்த கையைப் பார்த்து நீ யார் என்று கேட்கிறது இந்த மெஷின். சும்மா இருந்த கைக்கு மரியாதை.

மறுநாள் நேரே போர்மேனிடம் போனாள்.

"அண்ணாச்சி, அஞ்சு நாள் லீவு. சம்பளம் எங்கணக்குலயே விழட்டும்."

"சீசன் நேரத்துலயா?"

"எந்நேரமா இருந்தா என்ன? கூலிய வெட்டிக்கோங்க."

வீட்டுக்கு வந்தவள் சட்டி பானையை எல்லாம் முனியசாமி முன்னால் வைத்தாள்.

"இந்த வாரம் துவைக்கிறது, வெளக்குறது எல்லாம் நீங்கதான். ஏங்கைக்கு ஓய்வு வேணும்."

அவன் ஒரு சட்டியை இழுத்துத் தேய்க்க உட்கார்ந்தான். வரிசையில் கேட்ட சிரிப்பு இன்னும் காதில் இருந்தது.

சனிக்கிழமை ஒவ்வொரு விரலாக வைத்தாள். ஒன்பது விரல் விழவில்லை. கடைசியாக இடது மோதிர விரலை வைத்ததும் ஜாஸ்பின் துள்ளிவிட்டாள்.

"விழுந்துருச்சுக்கா! எம்புட்டு எடுக்கட்டும்?"

பாண்டிச்செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விரலை மெஷினைவிட்டு எடுக்கவில்லை.

"அரிசிக்கு ரெண்டாயிரம் எடு தாயி. அப்படியே இந்த ரேகைய வச்சே ஏடிஎம் கார்டுக்கும் இப்பவே எழுதிப் போட்டுரு. திங்கக்கிழமை வேலைக்குப் போறேன். அடுத்த வாரம் இதுக்கு என்னய அடையாளம் தெரியாது."