மாடியிலிருந்து வர வேண்டிய பட்டியல்

மாலை நான்கு மணிக்குக் காது மருத்துவர் வருகிறார். அவருக்குப் பிடித்தால்தான், காது கேட்கும் திறனைச் சோதிக்கும் அந்த மென்பொருள் மருத்துவமனைக்குப் போகும். அதை எழுதிய இன்ஜினியரின் இரண்டு வருட உழைப்பு அது. மணி இரண்டரை. இடது காதுக்கு அனுப்பிய ஒலி வலது காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

வேறு வழியில்லாமல் மாடிக்கு போன் போட்டார். அங்கே ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதும் குழுவில்தான் அவர் மனைவி இருந்தாள்.

"சொல்லுங்க சார்." ஆபீஸில் அவர் சார்தான்.

"உங்க புது சிஸ்டம் போட்டதிலேர்ந்து காது மாறிப் போச்சு மேடம்."

இறங்கி வந்தவள் ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். "இது என்ன?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

அவள் காட்டியது ஹெடர் ஃபைல். சிஸ்டத்தில் எந்தத் தகவல் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று மற்ற மென்பொருள்களுக்குச் சொல்லும் பட்டியல். சிஸ்டத்திடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை, அவர் எப்போதோ நகலெடுத்துத் தன் ஃபோல்டரில் வைத்திருந்தார்.

"நடுவுல ஒரு வரி சேத்தோம். அதுக்குக் கீழ எல்லாம் ஒரு படி இறங்கிடுச்சு. நீங்க பழசையே கட்டிக்கிட்டு அழறீங்க. கட்டின பொண்டாட்டி மேல என்ன ஒரு நம்பிக்கை!"

"நீங்க சொல்லாம கொள்ளாம மாத்துவீங்க, நான் நம்பணுமா?"

முணுமுணுத்துக்கொண்டே நகலை அழித்தார். இப்போது மென்பொருள் ஓடவே மறுத்தது. காதுச் சோதனைக்காக வாங்கிய புது ஹெட்ஃபோனின் எண்ணே மாடியின் பட்டியலில் இல்லை.

"அதை நானேதான் என் நகல்ல சேத்துக்கிட்டேன். உங்க பட்டியல்லயும் சேக்கச் சொல்லி உனக்குத்தான் மெயில் போட்டேன். மூணு மாசமா பதில் இல்லை."

"எனக்கா? வரவே இல்லையே."

தேடினாள். வந்திருந்தது. அவரிடமிருந்து வரும் மெயில் எல்லாம் தானாகவே 'வீடு' என்ற ஃபோல்டருக்குப் போகும்படி அவளே செய்துவைத்திருந்தாள். கரண்ட் பில்லுக்கும் குழாய் ரிப்பேருக்கும் நடுவே, திறக்காமல் கிடந்தது, 'மதிப்பிற்குரிய சிஸ்டம் குழுவுக்கு' என்று தொடங்கிய கடிதம்.

"அட ராமா! இவ்வளவு மரியாதையாவா எழுதினீங்க?" சிரிப்பும் அழுகையுமாக மாடிக்கு ஓடினாள்.

மூன்றே முக்காலுக்குப் புதுப் பட்டியல் இறங்கியது, ஹெட்ஃபோனின் எண்ணோடு. இம்முறை அவர் நகலெடுக்கவில்லை.

நான்கு மணிக்கு மருத்துவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். இன்ஜினியர் இடது காதுக்கான பொத்தானை அழுத்தினார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மேடம் நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவர் இடது கையைத் தூக்கினார்.