வரிசையில் வர்ஷா

ஊரார் பிள்ளைகளை எல்லாம் திரையில் காட்டுகிறேன் என்று கிளம்பியவள் ரேகா. இப்போது பெற்ற மகளையே அதில் காணோம்.

காட்டுப்பாக்கம் அடுக்ககத்துப் பிள்ளைகள் பள்ளி வேனில் ஏறிவிட்டார்களா என்று பெற்றவர்கள் பார்க்க அவள்தான் ஒரு வலைப்பக்கம் செய்து கொடுத்திருந்தாள். பிள்ளை ஏறும்போது டிரைவர் கோதண்டம் தன் போனில் தொடுவார். அது உடனே பதிவாகி, இங்கே பிள்ளையின் பெயரும் பக்கத்தில் 'வண்டியில்' என்பதும் தெரியும். இன்று சாயங்கால மழையில் குமணன்சாவடியில் முழங்கால் தண்ணீர்; பள்ளி விட்டும் வேன் வந்தபாடில்லை. கோதண்டத்தின் போன் அணைந்து கிடந்தது, பள்ளிக்கூடத்து எண் ஓயாமல் பிஸி. பக்கத்தைத் திறந்தால் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'அன்டிஃபைன்ட்', அப்படி ஒன்று இல்லை, என்று ஆங்கிலத்தில் வந்தது. மகள் வர்ஷாவோ போன வாரம்தான் பூனையை வேடிக்கை பார்த்து வேனைக் கோட்டை விட்டவள்.

"இன்னா ரேகா, எம்புள்ள விஷ்ணு ஏறுனானா இல்லியா? ஒன் டப்பா இன்னாத்துக்கு இங்கிலீஸ்ல உளறிகினு கீது?" தரைத்தளத்துத் தாட்சாயிணி படியேறி வந்து நின்றாள்.

காலையில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே செய்த வினை அது. நேற்று வரை பக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனி. இன்று வேன் நிற்கும் இடத்துக்கு ஒரு வரிசையாக அடுக்கியவள், ருசி பார்க்காமல் பந்திக்கு அனுப்பிவிட்டாள்.

படியிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். சொந்த வேலை என்பதால் நிரலில் பெயர்களைத் தமிழிலேயே வைத்திருந்தாள். தப்பான வரி கண்ணில் பட்டது: பிள்ளைகள்.பெயர்.

அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. வரிசைக்கு ஏது பெயர்? அதில் நிற்கும் பிள்ளைக்கு அல்லவா பெயர்! எத்தனையாவது பிள்ளை என்று முதலில் சொன்னால்தானே அதனிடம் பெயரைக் கேட்க முடியும். பிள்ளைகள்[0].பெயர் என்று திருத்தினாள். அங்கே எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும்; முதல் பிள்ளைதான் பூஜ்யம்.

'விஷ்ணு – வண்டியில்.'

"காமாட்சி, என் வயித்துல பால வார்த்த தாயே!" தாட்சாயிணி மாங்காட்டுக் கோயில் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

ரேகா திரையில் மேலும் கீழும் தேடினாள். வந்தது முதல் பிள்ளை மட்டும்தான். வர்ஷா அவனுக்கு அடுத்தவள். அவள் ஏறாமல் மழையில் நின்றுகொண்டிருந்தால்? ஒருவர் விடாமல் வரிசை முழுவதையும் காட்டும்படி மாற்றி எழுதி, பக்கத்தை மறுபடி திறந்தாள். அது வருவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

'விஷ்ணு – வண்டியில். வர்ஷா – வண்டியில்.'

அப்பாடா! ரேகா முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். சற்றுப் பொறுத்துத்தான் பார்த்தாள், தாட்சாயிணி இன்னும் பக்கத்திலேயே நிற்கிறாள்.

"நீங்க போகலையாக்கா? விஷ்ணு பேரு அப்பவே வந்துடுச்சே?"

"நல்லா கேட்ட போ. வர்ஷா பேரு வராம நா எப்டி ஊட்டுக்குப் போவேன்?" என்று தாட்சாயிணி முந்தானையால் ரேகாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.