ஆசிரியர் அறையின் கணப்பு

டமார் டமாரென்று நான்காம் மாடியில் வெந்நீர்க் குடுவைகள் வரிசையாக வெடித்தன. சீனாவில் செங்டு நகரப் பாரம்பரிய மருத்துவக் கல்லூரியின் பெண்கள் விடுதி அது. மூச்சிரைக்க ஏறி வந்த காப்பாளர் அத்தை, முந்தின நாள் ஊற்றிய பச்சைத் தண்ணீர் கொதித்து வெடித்திருப்பதையும், பக்கத்துக் கட்டிலில் மூன்றாமாண்டு மாணவி கு சியாவ்மான் நிம்மதியாகத் தூங்குவதையும் கண்டார். அவள் போர்வை மேல் அறைத்தோழி தாவ் பெய் வைத்திருந்த முட்டை நன்றாக வெந்திருந்தது.

விஷயம் எளிது. முதலாண்டில் பேராசிரியர் யான், பேச்சு செலவு, சிரிப்பு செலவு, கோபம் பெருஞ்செலவு, தன் உயிராற்றலைச் சேர்த்து வைக்காத வைத்தியர் நோயாளிக்கு எதைக் கொடுப்பார் என்று கேட்டார். கேட்டுவிட்டு வெளியே போய் சிகரெட் பிடித்தார். வகுப்பு முழுக்கக் கைப்பேசியில் இருந்தது. சியாவ்மான் ஒருத்திதான் நம்பித் தொலைத்தாள். மதியம் தவறாமல் தூங்கினாள். காதலன் விட்டுப் போனபோதுகூட அழாமல் இஞ்சித் தண்ணீர் குடித்தாள். எல்லாம் உள்ளே சூடாகச் சேர்ந்தது.

அறையில் கணப்பு வைத்திருந்தால் பறிமுதல் என்பது விடுதி விதி.

"உன்னை எந்த அலமாரியிலடி வச்சுப் பூட்டுறது?" என்றார் அத்தை.

"குளிர் முடியட்டும் அத்தை. உங்க ஈரச் செருப்பையும் இங்கேயே வைங்க" என்றாள் தாவ் பெய்.

அத்தை வைத்தார்.

தெற்கே குளிராது என்று வடக்கே தலைநகரில் யாரோ முடிவு செய்ததால் அந்த ஊருக்கு அரசின் கணப்புக் குழாய் கிடையாது. எனவே பேராசிரியர்கள் கூடி, உயர் ஆய்வுக்காக அவளை ஆசிரியர் அறை மூலைக்கு மாற்றினார்கள். ஆய்வு, அவள் நாற்காலியின் முதுகில் காலுறை காயப்போடுவதில் தொடங்கியது. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: உடம்பில் ஊசி குத்தி நோய் தீர்க்கும் ஊசித் தேர்வில் தேறி வைத்தியராவது. தேர்வோ மார்கழிக் குளிரில் வரும். "இன்னும் பக்குவம் வரலம்மா. ஊசி தொட்டா சேத்ததெல்லாம் போயிடும். இந்த ஒரு குளிர்காலம் பொறுத்துக்க" என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார் யான். தாவ் பெய் பட்டம் வாங்கி, சொந்த ஊரில் மருத்துவமனை திறந்து, பிள்ளையும் பெற்றாள். சியாவ்மான் மூலையில் இருந்தாள்.

அடுத்த தேர்வுக்கு வெளியூர்த் தேர்வாளர் ஒருவர் வந்தார். தேர்வுக் கட்டிலில் நோயாளியாக, பாங் என்ற முன்னாள் பேருந்து ஓட்டுநர்; பல வருடமாகச் சில்லிட்ட இடது காலுக்கு மட்டும் இரண்டு காலுறை போடுகிறவர். "இந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்லைங்க" என்று யான் பட்டியலில் அவள் பெயரை அடிக்கப் போனார். அத்தனை வருடம் செலவழிக்காத கோபத்தை சியாவ்மான் அப்போது மொத்தமாக எடுத்தாள். தட்டிலிருந்து ஊசியையும் எடுத்து, பாங்கின் இடது முழங்காலுக்குக் கீழே இறக்கினாள்.

"ஏம்மா, காலை அடுப்புல வச்சுட்டியா?" என்ற கிழவர் இரண்டு காலுறையையும் கழற்றி எறிந்தார். ஜன்னல்கள் வியர்த்தன. வெளியே, ஒரு மாதம் கழித்துப் பூக்க வேண்டிய மஞ்சள் பிளம் மரம் அப்போதே பூத்தது. தேர்வாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு முழு மதிப்பெண் போட்டார்.

சாயங்காலம் ஆசிரியர் அறைக் கோப்பைகளில் தேநீர் உறைந்திருந்தது. யான் கனத்த மேலங்கிக்குள் பல் கிட்டிக்க அவள் சான்றிதழில் கையெழுத்திட்டார். சியாவ்மான் வருடக்கணக்கில் சேர்ந்திருந்த சிரிப்பையெல்லாம் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"உனக்குத் தங்கச்சி யாரும் இல்லையாம்மா?"