முடிந்துபோன டெஸ்ட்டுக்கு ஒரு வேண்டுதல்

மனைவியின் டிரைவிங் டெஸ்ட்டுக்காகக் காலையில் வேண்டிக்கொள்வதாகச் சொல்லியிருந்த தத்துவப் பேராசிரியர், அதைச் சுத்தமாக மறந்துவிட்டார். சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது. ஆனாலும் அவர் அசரவில்லை. கடவுள் காலத்துக்கு அப்பாற்பட்டவர், அவருக்குக் காலையும் மாலையும் ஒன்றுதான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தார்.

மனைவி வந்து கைப்பையை நாற்காலியில் வீசினாள். "கம்பத்துல இடிச்சுட்டேன். ஃபெயில்!"

"கொஞ்சம் இரு, இப்பத்தான் வேண்டிக்கிட்டிருக்கேன்."

"முடிஞ்சுபோனதுக்கா?"

"நமக்குத்தான் முடிஞ்சுபோச்சு. அவருக்கு எல்லாமே இப்பத்தான்."

அவள் சட்டென்று பக்கத்தில் உட்கார்ந்து கைகூப்பினாள். "அப்படின்னா நம்ம கல்யாணத்துக்கு முந்தின நாளுக்காக நானும் ஒண்ணு வேண்டிக்கிறேன்."

பேராசிரியர் பதறிப்போய் அவள் கைகளைப் பிரித்தார். "வேணாம்மா, நடந்தது நடந்ததாவே இருக்கட்டும்! எழுந்திரு, டீ போட்டுத் தர்றேன்."