சார்ஜ் எடுக்க ஆள் வரட்டும்

ரெமிஜியஸ் சாருக்குக் கையெழுத்துப் போடுவது ஒரு வியாதி. அவர் முகத்துக்கு நேராகவே இதைச் சொல்லியிருக்கிறேன், அதனால் இங்கே எழுதுவதில் தப்பில்லை. முப்பத்தெட்டு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ரயில்வேயில் எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் 'பார்த்தேன்' என்று எழுதி, மணி போட்டு, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மெதுவாகப் போ என்று டிரைவருக்குக் கொடுக்கும் சீட்டானாலும் சரி, ரயில்வே கேட்டில் நின்ற எனக்கு வந்த உத்தரவானாலும் சரி, அப்படித்தான். காகிதம் கண்ணில் பட்டது என்பதற்கு அது அத்தாட்சி, அவ்வளவுதான். சம்மதம் இல்லை. ரயில்வேக்குள் இது எல்லோருக்கும் தெரியும். வெளியே யாருக்குத் தெரியும்?

நகராட்சி ஆள் கொண்டுவந்த கடிதத்திலும் மனுஷன் அப்படியே போட்டுவிட்டார். 'பார்த்தேன், 11.20 மணி, ரெமிஜியஸ், தலைவர்.' அதன் மேல் மியூசியத்தின் ரப்பர் ஸ்டாம்பு வேறு. கடிதத்தில் இருந்தது என்ன தெரியுமா? செம்பியன்கரை ரயில்வே மியூசியம் இருக்கும் நகராட்சிக் கட்டடத்தையும் உள்ளே இருக்கும் சாமான்களையும் பதினாறாம் தேதி காலை பத்து மணிக்கு ஒப்படைக்கச் சம்மதிக்கிறோம் என்று. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து இடமாம், அங்கே டூவீலர் நிறுத்துமிடம் கட்டப்போகிறார்களாம். சாமான்களை எல்லாம் 'பாதுகாப்பாக' நகராட்சி உரக்கிடங்கில் வைப்பார்களாம்.

"படிச்சுப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டேன்.

"மணி சரியாத்தான் போட்டிருக்கேன் சகாயம்மா" என்றார்.

ஐயோ மாதாவே, எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ரப்பர் ஸ்டாம்பை எடுத்து அவர் நெற்றியிலேயே ஒன்று குத்தியிருப்பேன். பக்கத்தில் இருந்த யூனுஸ் பாய்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தார். யூனுஸ் பாய் எங்கள் ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர், தண்டவாளம் மாற்றி விடுகிற வேலை. கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு அவர் தஞ்சாவூருக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தார். தலைவரே கையெழுத்துப் போட்ட பிறகு கோர்ட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று வக்கீல் கையை விரித்துவிட்டாராம். அன்றிலிருந்து ரெமிஜியஸ் சார் மியூசியம் பக்கமே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவர் இடது பக்கம் உட்கார்ந்தால் நான் வலது பக்கம் உட்கார்ந்தேன்.

மியூசியம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நகராட்சியின் பழைய பிரசவ ஆஸ்பத்திரி அது. ஆஸ்பத்திரி புதுக் கட்டடத்துக்குப் போன பிறகு பாம்பும் மரநாயும் குடியிருந்தன. மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை வந்தபோது, கழற்றிப் போட்ட சாமான்களை ஏலத்தில் எடுத்தும், கெஞ்சியும், ஒன்றிரண்டு விஷயத்தில் கேட்காமலும் எங்கள் ஸ்டேஷன் ஆட்கள் ஏழு பேர் கொண்டுவந்து அங்கே சேர்த்தோம். ரெமிஜியஸ் சாரைத் தலைவராகப் போட்டோம். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு சாமான். கைகாட்டி, விளக்குகள், டிக்கெட் அலமாரி, தண்டவாளத் துண்டில் செய்த மணி. என் கேட்டின் விஞ்சும் இருக்கிறது. கேட்டை ஏற்றி இறக்கும் கைப்பிடிச் சக்கரத்துக்கு நாங்கள் சொல்லும் பேர் விஞ்ச்.

அந்த விஞ்சைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் ஆத்திரம் உங்களுக்குப் புரியாது. என் அம்மா பண்ணை வயலில் நாற்று நட்டவள். பண்ணைவீட்டுக் கார் வரும்போது தலைச்சுமையோடு வரப்பில் இறங்கி நிற்க வேண்டும், கார் போன பிறகுதான் ரோட்டில் ஏறலாம். என் வீட்டுக்காரர் லைனில் வேலை பார்த்தபோது அடிபட்டுச் செத்தார். கருணை அடிப்படையில் எனக்குக் கேட் கீப்பர் வேலை கிடைத்தது. சேர்ந்து மூன்றாம் மாசம், நான் கேட்டை இறக்கியிருக்கும்போது அதே பண்ணைவீட்டுக் கார் வந்து நின்றது. ஹாரன் அடித்தார்கள். டிரைவர் இறங்கி வந்து, "ஐயா இருக்காங்க, தெறம்மா" என்றான். "ரயில் போனப்புறம்தான்" என்றேன். ஐயா கண்ணாடியை இறக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார். நானும் பார்த்தேன். நாலு நிமிஷம் நின்றார். இருபத்தேழு வருஷ வேலையில் எனக்குக் கிடைத்த சம்பளம் ஒரு தட்டு என்றால் அந்த நாலு நிமிஷம் ஒரு தட்டு. அதை உரக்கிடங்கில் கொண்டுபோய்ப் போடுவார்களாம்!

பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிக்கே போய்க் கட்டடத்தைத் திறந்து வராந்தாவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பத்து மணிக்கு லாரி வந்தது. ராஜராஜன் என்கிற நகராட்சி ஆய்வாளர், கையில் ஃபைலோடு இறங்கினார். கூடத் தூய்மைப் பணியாளர்கள் நாலு பேர். அதில் வேம்பு எனக்குத் தெரிந்த பிள்ளை, என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அம்மா, எழுந்திருங்க. உங்க தலைவர் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காரு" என்று ராஜராஜன் ஃபைலைக் காட்டினார்.

"ஒப்படைக்கிறோம்னுதானே இருக்கு? ஒப்படைச்சுடுறேன். சார்ஜ் எடுத்துக்கறவர் யாரு?"

"சார்ஜா?"

"ஆமா தம்பி. ரயில்வேல டூட்டில இருக்கறவங்க அடுத்த ஆள் வந்து ஒவ்வொண்ணா சரிபாத்து, நல்லா இருக்குன்னு ரிஜிஸ்டர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் எடத்த விட்டு எறங்கலாம். ஒரு ஐப்பசி வெள்ளத்துல எனக்கு மாத்தாள் வர முடியல. இருபத்தாறு மணி நேரம் கேட்லயே நின்னேன். நீங்க மாத்தாளா வந்திருந்தா சொல்லுங்க, இப்பவே எறங்கிடுறேன்."

ரிஜிஸ்டரை நீட்டினேன். சாமான் பேர், எண்ணிக்கை, நிலைமை, பெற்றுக்கொண்டவர் பேர், பதவி, கையெழுத்து. பத்து நிமிஷ வேலை என்று நினைத்தாரோ என்னவோ, பேனாவை எடுத்தார்.

"ஒண்ணாம் நம்பர், கேட் விஞ்ச். சுத்திப் பாருங்க. ஓடுதான்னு பாக்காம எழுதக்கூடாது."

பாவம், முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு சுற்றினார். எங்கள் விஞ்ச் சும்மா காட்சிக்கு வைத்தது இல்லை. காம்பவுண்டு வாசலில் நிஜக் கேட்டுக் கம்பம் நிற்கிறது, இரண்டையும் யூனுஸ் பாய் கம்பி போட்டு இணைத்திருக்கிறார். சிவப்பும் வெள்ளையுமாகக் கம்பம் இறங்கி, உள்ளே வர ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்த லாரிக்குப் பின்னால் குறுக்கே படுத்தது. லாரி சடக்கென்று நின்றது. ரோட்டில் போன இரண்டு பைக்கும் ஒரு மினி பஸ்ஸும்கூடப் பழக்க தோஷத்தில் நின்றுவிட்டன.

"தெறங்க, தெறங்க!" என்றார் ராஜராஜன்.

"வண்டி போயிடுச்சுன்னு ஸ்டேஷன்லேருந்து போன் வரணும் தம்பி. போன் மூணாம் நம்பர். வரிசையா வருவோம்."

வேம்பு சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மினி பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி வந்தார்கள். பஸ் ஸ்டாண்டுக் கூட்டமும் சேர்ந்தது. ஊரில் பாதிப் பேர் அந்தக் கட்டடத்தில் பிறந்தவர்கள் வேறு. "எங்கம்மா இந்த ரூம்லதான் என்னப் பெத்தாங்க" என்று ஒருத்தர் டிக்கெட் அலமாரியைத் தட்டிக்கொண்டு சொன்னார்.

நான் விடவில்லை. ஐந்தாம் நம்பர் விளக்கு: திரியைத் தூண்டி ஏற்றிப் பார்த்து எழுத வைத்தேன். எட்டாம் நம்பர் மணி: அடித்துப் பார்க்க வைத்தேன். பதினான்காம் நம்பர் டிக்கெட்டில் தேதி குத்தும் மெஷின்: குத்திப் பார்த்தார், அவர் விரலில் மை ஒட்டிக்கொண்டது. லாரி டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மணி பன்னிரண்டரை ஆயிற்று. இருபத்து மூன்றாம் நம்பரில்தான் ராஜராஜன் ரிஜிஸ்டரின் தலைப்பில் இருந்ததை நிதானமாகப் படித்தார்.

"இதென்னம்மா, 'இனி முழுப் பொறுப்பு என்னுடையது'ன்னு இருக்கு?"

"பின்ன? இதுல ஒரு ஆணி காணாமப் போனாலும் நீங்கதான் பதில் சொல்லணும். ஆடிட்ல கேப்பாங்க. ரிட்டயர் ஆகறப்பக் கேப்பாங்க. பித்தளை சாமானே நூத்தி நாப்பது இருக்கு தம்பி. உரக்கிடங்குக்குப் பூட்டு இருக்கா?"

அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவரை எது பயமுறுத்தும் என்று எனக்குத் தெரியும், நானும் அரசாங்கச் சம்பளம் வாங்கினவள்தானே. அவர் முகம் செத்துவிட்டது. ஓரமாகப் போய் மேலதிகாரிக்குப் போன் போட்டார். எதிலும் கையெழுத்துப் போடாதே என்று அங்கிருந்து கத்தியது எங்களுக்கே கேட்டது. திரும்பி வந்து, போட்ட இருபத்திரண்டு கையெழுத்தையும் ஒவ்வொன்றாக அடித்தார்.

"அப்ப நீங்க சார்ஜ் எடுக்கல" என்றேன்.

"நான் கட்டடத்தப் பூட்டி சீல் வைக்கிறேன். திங்கக்கிழமை போலீஸோட வருவோம்."

"பூட்டுங்க. நான் உள்ளதான் இருப்பேன். அறுநூத்திப் பதிமூணு, சகாயம்மாள், ஒண்ணு, நல்ல நிலைமைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் பூட்டுங்க."

கூட்டம் ஹோவென்று சிரித்தது. அவர் என்னை முறைத்துவிட்டு லாரியை நோக்கி நடந்தார். கூட்டத்தோடு நின்ற யூனுஸ் பாய் மரியாதையாகக் கம்பத்தை ஏற்றிவிட்டார். நான் ரிஜிஸ்டரை மூடிவிட்டு மறுபடி ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு பார்த்தால், வேப்பமரத்தடியில் ரெமிஜியஸ் சார் நிற்கிறார். காலையிலிருந்தே நின்றிருக்கிறார். கையில் சாப்பாட்டுத் தூக்கு.

"ரெண்டு மணி ஆச்சு. உங்கள ரிலீவ் பண்ண வந்தேன்" என்றார்.

எட்டு நாளாக அடக்கியது எல்லாம் வந்துவிட்டது. "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்தீங்க சார்? ஒரு வரி படிச்சிருந்தா இந்தக் கூத்து உண்டா? எல்லாரோட ஒழைப்பையும் ஒரு நிமிஷத்துல தூக்கிக் குடுத்துட்டு, மணி சரியாப் போட்டேன்னு சொல்றீங்களே, கை கூசல?"

"கூசுது. சோத்துல கை வெக்கறப்பக்கூடக் கூசுது" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க நம்பிக் குடுக்க வேணாம். எண்ணிக் குடுங்க."

எண்ணித்தான் கொடுத்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டையும். மனுஷன் ஒன்றையும் பார்க்காமல் விடவில்லை, ரிஜிஸ்டரின் தலைப்பையும் இரண்டு தடவை படித்தார். முடியும்போது மணி ஐந்து, நான் போக வேண்டிய பஸ் போய்விட்டது. அதன் பிறகு எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஆள் என்று முறை போட்டுக்கொண்டோம்.

திங்கட்கிழமை காலை ரெமிஜியஸ் சார் டூட்டி. எனக்கு மதியம்தான், ஆனால் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் பத்து மணிக்கே போய் நின்றேன். ராஜராஜன் வந்தார், கூடவே பிரகதீஸ்வரி என்ற சப்-இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும்.

"இங்க பொறுப்பு யாரு?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

"நான்தான்" என்று ரெமிஜியஸ் சார் எழுந்தார்.

ராஜராஜன் ஒரு புதுக் காகிதத்தை நீட்டினார். அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. "அன்னைக்கு மாதிரி எல்லாம் இல்ல சார். பாத்தேன்னு மட்டும் போட்டுக் குடுங்க, போதும்" என்று நைச்சியமாகச் சொன்னார்.

ரெமிஜியஸ் சாரின் கை சட்டைப் பைக்குப் போனது. பேனா வெளியே வந்தது. மூடியைக் கழற்றினார். கிழிஞ்சது போ என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாதாவே, இந்த மனுஷன் கையைப் பிடி என்று வேண்டினேன்.

கண்ணைத் திறந்தபோது அவர் காகிதத்தைத் தூரப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், ஊருக்கே கேட்கும்படி சத்தமாக. ஏழு நாளில் தாமாகவே காலி செய்ய உறுதி கூறுகிறோம் என்ற வரி வந்ததும் நிறுத்தி, இன்னொரு தடவை படித்தார். அப்புறம் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"பாத்தேன். கையெழுத்துப் போட மாட்டேன்."

"சார், பாத்ததுக்காவது..." என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"வாயால சொல்லிட்டேம்மா. மணி பத்து இருபத்தஞ்சு, நீங்களே எழுதிக்குங்க." அவர் ஸ்டூலில் போய் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெண்டு மணிக்கு இந்தம்மா டூட்டிக்கு வருவாங்க. அப்ப வேணா அவங்ககிட்ட கேட்டுப் பாருங்க."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கொண்டுவந்திருந்த சாப்பாட்டுத் தூக்கை வராந்தாவில் இறக்கி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.